மாணவர் செயற்கைக்கோளில் உந்துவிசை: சிஸ்டம்ஸ் லீட் என்னதான் செய்கிறார்?

மாணவர்கள் செய்யும் சிறு செயற்கைக்கோள்களில் த்ரஸ்டர், அதாவது கலத்தைத் தள்ளும் சிறு உந்துபொறி, வைப்பது நீண்ட காலம் அபூர்வமாகவே இருந்தது. ராக்கெட் எங்கே இறக்கிவிடுகிறதோ அங்கேயே சுற்றி, படம் எடுத்து, ரேடியோவில் பேசி, கடைசியில் காற்றில் எரிந்துபோவதுதான் வழக்கம். இப்போது நிலைமை மாறி வருகிறது. அமெரிக்காவின் கூட்டாட்சித் தகவல் தொடர்பு ஆணையம் 2022 செப்டம்பரில் ஒரு விதியை ஏற்றது. அதனிடம் உரிமம் பெறும் செயற்கைக்கோள்கள் தாழ் சுற்றுப்பாதையில் பணி முடித்த 5 ஆண்டுக்குள் அகற்றப்பட வேண்டும். அதுவரை இருந்த வரம்பு 25 ஆண்டு. காற்று மிக மெல்லியதாக உள்ள உயரத்தில் விடப்படும் கலம் 5 ஆண்டில் தானாக விழாது. அதைக் கீழே இறக்க ஏதாவது ஒரு ஏற்பாடு தேவை. த்ரஸ்டர் அவற்றில் ஒன்று.

இதனால் பல்கலைக்கழகக் குழுக்களில் உந்துவிசைப் பிரிவு முளைக்கிறது. அதோடு 'சிஸ்டம்ஸ் லீட்' என்ற பதவியும் வருகிறது. நாசிலை (வாயு வெளியேறும் குறுகிய வாயை) வரைபவர் ஒருவர், மின்சுற்றைச் செய்பவர் ஒருவர், மென்பொருள் எழுதுபவர் ஒருவர் என்று எல்லா வேலைக்கும் ஆள் இருக்கும்போது, எந்தப் பாகத்தையும் தானே செய்யாத இவருக்கு என்ன வேலை என்று குழுவுக்குள்ளேயே பலர் குழம்புவதுண்டு.

சுருக்கமான பதில் இது. த்ரஸ்டரின் இயற்பியல் பாடநூலில் இருக்கிறது. திட்டத்தைக் கவிழ்ப்பவை பெரும்பாலும் ஒரு பாகத்துக்கும் இன்னொரு பாகத்துக்கும் நடுவே, யாருக்கும் சொந்தமில்லாத இடத்தில் கிடக்கும் எண்கள். அந்த இடம்தான் சிஸ்டம்ஸ் லீடின் பொறுப்பு. எப்படி என்று ஒரு சிறு கணக்கை வைத்தே பார்க்கலாம்.

## முதலில் மூன்று எண்கள்

1. டெல்டா-வி: கலத்தின் வேகத்தை மொத்தமாக எவ்வளவு மாற்ற முடியும் என்பது. விநாடிக்கு இத்தனை மீட்டர் என்று சொல்வார்கள். பாதையை மாற்றுவது, இன்னொரு கலத்தோடு அணிவகுத்துப் பறப்பது, கீழே இறங்குவது எல்லாவற்றுக்கும் விலை இந்த நாணயத்தில்தான்.

2. ஸ்பெசிஃபிக் இம்பல்ஸ்: உந்துபொருளை எவ்வளவு சிக்கனமாகப் பயன்படுத்துகிறோம் என்பதன் அளவு. அலகு விநாடி. குளிர்வாயு த்ரஸ்டருக்கு 40 முதல் 70 விநாடி, ஹைட்ரசீன் என்ற வேதி உந்துபொருளுக்கு 220 விநாடிக்குச் சற்று மேல், மின்சாரத்தில் இயங்கும் அயனி த்ரஸ்டருக்கு ஆயிரக்கணக்கில்.

3. உந்துவிசை: ஒரு கணத்தில் எவ்வளவு பலமாகத் தள்ளுகிறது என்பது. கியூப்சாட் அளவுக் கலங்களில் இது பெரும்பாலும் மில்லிநியூட்டன் கணக்கில்தான் வரும்.

கியூப்சாட் என்பது 1999-இல் கலிபோர்னியா பாலிடெக்னிக், ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகங்கள் வகுத்த அளவுமுறை. 10 சென்டிமீட்டர் கனசதுரம் ஒன்று '1யு'. மூன்றை அடுக்கினால் '3யு'. குளிர்வாயு என்பதில் எதுவும் எரிவதில்லை. அழுத்தத்தில் இருக்கும் வாயுவை நாசில் வழியே வெளியே விடுவதோடு சரி. எளியது, நச்சு குறைவு, வெடிக்கும் அபாயமும் குறைவு. மாணவர் குழுக்கள் முதலில் இங்கே வந்து நிற்பதற்கு அதுவே காரணம்.

நம் உதாரணக் கலம் 3யு, நிறை 4 கிலோ, தேவையான டெல்டா-வி விநாடிக்கு 10 மீட்டர். உந்துபொருள் ஆர்-236எஃப்ஏ, குளிர்பதனத்திலும் தீயணைப்பிலும் பயன்படும் திரவம். ஸ்பெசிஃபிக் இம்பல்ஸ் 45 விநாடி என்று வைத்துக்கொள்வோம். இந்த எண்களை இணைக்கும் சியோல்கோவ்ஸ்கியின் ராக்கெட் சமன்பாட்டில் போட்டால் சுமார் 90 கிராம் உந்துபொருள் போதும் என்று விடை வரும்.

## 90 கிராம் எப்படி 120 ஆகிறது

உந்துவிசைப் பிரிவு எச்சரிக்கையாக 10 சதவீதம் கூட்டி 99 கிராமுக்கு டேங்க் வரைகிறது. ஆறு மாதம் போகிறது. சட்டகப் பிரிவு அதிர்வைத் தாங்க ஒரு தகடு சேர்க்கிறது, மின்கலப் பிரிவு இன்னும் இரண்டு செல் சேர்க்கிறது. கலம் 4.5 கிலோ ஆகிவிட்டது. அரை கிலோதானே என்று யாரும் அலட்டிக்கொள்ளவில்லை. சோதனையில் நாசிலின் ஸ்பெசிஃபிக் இம்பல்ஸ் 45 இல்லை, 40. மிகச் சிறிய நாசிலில் சுவரை ஒட்டி ஓடும் வாயு வேகம் இழப்பது இயல்பு என்பதால் அதுவும் யாரையும் திடுக்கிட வைக்கவில்லை. இப்போது அதே 10 மீட்டருக்கு 113 கிராம் வேண்டும். டேங்க், குழாய் மூலைகளில் தங்கி வெளியே வராத மிச்சத்துக்கு 5 சதவீதம் சேர்த்தால் 120 கிராமை நெருங்கிவிடும்.

இங்கே யாரும் தவறு செய்யவில்லை என்பதுதான் கவனிக்க வேண்டியது. ஒவ்வொரு பிரிவும் தனக்கு நியாயமான எல்லைக்குள்தான் இருந்தது. கூட்டிப் பார்க்க ஆள் இல்லை, அவ்வளவுதான்.

அதனால் சிஸ்டம்ஸ் லீடின் முதல் சொத்து ஒரு கணக்கேடு. நிறை, மின்சாரம், டெல்டா-வி, தரவு, வெப்பம் என்று ஒவ்வொன்றுக்கும் இன்றைய மதிப்பு, உச்ச வரம்பு, நடுவில் உள்ள இருப்பு மூன்றும் அதில் இருக்கும். இருப்பை யார் கையில் வைப்பது என்பது முக்கியமான முடிவு. ஒவ்வொரு பிரிவும் தன் பையில் 20 சதவீதம் ஒளித்து வைத்தால் கலம் தேவையில்லாமல் பருக்கும். யாருமே வைக்காவிட்டால் மேலே பார்த்த கதை நடக்கும். பிரிவுகளுக்குச் சிறிது, பெரும்பகுதி மையத்தில் என்பதே என் பார்வையில் சரியான ஏற்பாடு. மையத்திலிருந்து எடுப்பவர் காரணம் எழுதிக் கொடுக்க வேண்டும்.

## எங்கும் எழுதப்படாத ஒரு மில்லிமீட்டர்

இதே கலத்தின் த்ரஸ்டர் 10 மில்லிநியூட்டன் விசை தருகிறது. முதலில் எண்ணிய 4 கிலோ நிறைக்கே, 10 மீட்டர் டெல்டா-விக்கு அது மொத்தம் சுமார் 4,000 விநாடி இயங்க வேண்டும். அந்த விசைக்கோடு கலத்தின் நிறை மையம் வழியாகத் துல்லியமாகப் போகாவிட்டால், தள்ளும்போதே கலம் சுழல ஆரம்பிக்கும். சுழற்சியை உள்வாங்கிக்கொள்ள ரியாக்‌ஷன் வீல் எனப்படும் சிறு சக்கரங்கள் உண்டு. நம் சக்கரம் 10 மில்லிநியூட்டன்-மீட்டர்-விநாடி வரை தாங்கும் என்போம். இந்த அளவுக் கலத்துக்கு அது இயல்பான திறன்.

விசைக்கோடு 1 மில்லிமீட்டர் விலகியிருந்தால் சக்கரம் 1,000 விநாடியில் நிரம்பிவிடும். பணி முழுவதற்கும் சேர்த்து நான்கு முறை நிறுத்தி, காந்தச் சுருள்களால் சுழற்சியை வடித்துவிட்டுத் தொடரலாம். சமாளிக்கக்கூடியதே. ஆனால் கியூப்சாட் வடிவமைப்பு வரையறை, 3யு கலத்தின் நிறை மையம் குறுக்கு அச்சுகளில் 2 சென்டிமீட்டர் வரை விலகியிருக்க அனுமதிக்கிறது. அந்த 2 சென்டிமீட்டரோடு த்ரஸ்டரை இயக்கினால் சக்கரம் 50 விநாடியில் நிரம்பும். நான்கு முறை என்பது எண்பது முறை ஆகிறது.

சட்டகப் பிரிவு வரையறையைப் படித்து, 2 சென்டிமீட்டருக்குள் இருக்கிறோம் என்று டிக் அடித்திருக்கும். திசைக் கட்டுப்பாட்டுப் பிரிவு நிறை மையம் நடுவில்தான் இருக்கும் என்று எடுத்துக்கொண்டிருக்கும். உந்துவிசைப் பிரிவுக்கு இது தன் வேலை என்றே தோன்றியிருக்காது. ஏவுகலம் கேட்பது 2 சென்டிமீட்டர், த்ரஸ்டர் கேட்பது 1 மில்லிமீட்டர். இந்த இரண்டாவது எண் எந்த ஆவணத்திலும் தானாக வந்து உட்காராது. யாராவது கணக்குப் போட்டு, அதை ஒரு தேவையாக எழுதி, சட்டகப் பிரிவிடம் கையெழுத்து வாங்க வேண்டும். உந்துபொருள் தீரத் தீர நிறை மையம் நகரும் என்பதையும் அதே வரியில் சேர்க்க வேண்டும்.

வெப்பத்திலும் இப்படி ஒரு கண்ணி உண்டு. டேங்கில் திரவமாக இருப்பது ஆவியானால்தான் த்ரஸ்டருக்குப் போகும். ஆவியாக வெப்பம் வேண்டும். 10 மில்லிநியூட்டனுக்கு விநாடிக்குச் சுமார் 0.023 கிராம் செலவாகிறது. கிராமுக்கு 150 ஜூல் அளவில் என்று கொண்டால் 3 வாட்டுக்கு மேல். ஹீட்டர் அதைத் தராவிட்டால் டேங்க் குளிரும், அழுத்தம் இறங்கும், விசை குறையும். 3யு கலத்தின் மின்வரவே சில வாட்தான் என்னும்போது, த்ரஸ்டரும் ரேடியோவும் ஒரே நேரத்தில் இயங்கலாமா என்பது மின்சாரப் பிரிவின் கேள்வியாகிவிடுகிறது. வால்வு திறக்க மட்டும் மின்சாரம் ஒதுக்கியிருந்த அட்டவணை அத்தோடு காலாவதி.

## இடைமுக ஆவணம்

இரண்டு பாகங்கள் சந்திக்கும் இடத்துக்கு இடைமுகம் என்று பெயர். துளை எங்கே, திருகு எந்த அளவு, மின்னழுத்தம் எவ்வளவு, தரவு எந்த அலகில் என்பதெல்லாம் எழுதி இரு தரப்பும் ஒப்புக்கொள்ளும் தாள் இடைமுகக் கட்டுப்பாட்டு ஆவணம்.

இது வெறும் சடங்கா என்று கேட்பவர்களுக்கு நாசாவின் செவ்வாய்க் கலமான மார்ஸ் கிளைமேட் ஆர்பிட்டரைத்தான் காட்ட வேண்டும். த்ரஸ்டர் இயங்கியதால் ஏற்பட்ட உந்தத்தைத் தரை மென்பொருள் ஒன்று பவுண்டு-விநாடியில் கணக்கிட்டுக் கொடுத்தது. வழிகாட்டும் குழு அதை நியூட்டன்-விநாடி என்று எடுத்துக்கொண்டது. வித்தியாசம் 4.45 மடங்கு. எந்த அலகு என்று இடைமுக ஆவணம் சொல்லியிருந்தது. மென்பொருள் அதைப் பின்பற்றவில்லை, அது சரிபார்க்கப்படவும் இல்லை. 1999 செப்டம்பர் 23 அன்று கலம் செவ்வாய்க்கு மிகத் தாழ்வாக வந்து தொலைந்தது. ஆக, ஆவணம் எழுதுவது பாதி வேலைதான். மறுமுனையில் வருவது அதற்கு ஒத்துப்போகிறதா என்று உண்மையான தரவை ஓடவிட்டுப் பார்ப்பது மீதிப் பாதி.

## மூன்று தடுப்பு, ஆனால் ஒரே கம்பி

மாணவர் கேமரா கெட்டுப்போனால் படம் வராது. மாணவர் டேங்க் வெடித்தால் பக்கத்தில் நிற்பவருக்கு அடிபடும், அல்லது அதே ராக்கெட்டில் போகும் பெரிய செயற்கைக்கோள் பாழாகும். உந்துவிசை மற்றப் பிரிவுகளிலிருந்து வேறுபடுவது இங்கேதான். ஏவும் நிறுவனம் கியூப்சாட் வேலை செய்யுமா என்று பெரிதாகக் கவலைப்படாது. அடுத்தவருக்குத் தீங்கு செய்யாது என்பதற்குத்தான் ஆதாரம் கேட்கும்.

கியூப்சாட் வரையறையின் 13-ஆம் பதிப்பு, உந்துவிசை அமைப்பு தவறி இயங்காமல் தடுக்கக் குறைந்தது மூன்று தடுப்புகள் வேண்டும் என்றது. சேமித்த வேதி ஆற்றல் 100 வாட்-மணிக்கு மேல் போகக்கூடாது என்றும் சொன்னது. தடுப்பு என்றால், உந்துபொருளுக்கும் வெளிக்கும் நடுவே, ஒன்று தவறினாலும் மற்றது நிற்கும்படியான தனித்தனித் தடை.

இந்த 'தனித்தனி' என்ற நிபந்தனையில்தான் வரைபடங்கள் தோற்றுப்போகின்றன. சரிபார்க்கும்போது கேட்க வேண்டியவை:

1. வரிசையில் மூன்று வால்வு இருக்கிறது, சரி. மூன்றையும் திறப்பது ஒரே டிரான்சிஸ்டரா? அப்படியானால் அது ஒரே தடுப்பு.
2. மூன்று சுவிட்ச், மூன்றின் தரையிணைப்பும் ஒரே கம்பியா? அந்தக் கம்பி தவறினால் என்ன ஆகும்?
3. ஒரு தடுப்பு மென்பொருளில் இருக்கிறதா? கணினி தடுமாறி மறுபடி துவங்கும்போது அதன் நிலை என்ன?
4. கலம் ராக்கெட்டில் ஏற்றப்பட்ட பிறகு, மூன்றும் மூடியிருக்கின்றன என்று எப்படித் தெரியும்?

டேங்குக்கும் இதே போலக் கேள்விகள் உண்டு. ஆர்-236எஃப்ஏவின் ஆவி அழுத்தம் அறை வெப்பநிலையில் 3 பாருக்குக் கீழே (ஒரு பார் ஏறக்குறைய நம்மைச் சுற்றியுள்ள காற்றின் அழுத்தம்). 50 டிகிரியில் அது ஏறக்குறைய இரட்டிப்பாகிவிடும். ஆகவே டேங்கின் தாங்குதிறனைத் தீர்மானிப்பது சுற்றுப்பாதை மட்டும் அல்ல. கலத்தை ஏவுதளத்துக்குக் கொண்டுபோகும் லாரியின் பெட்டிக்குள் வெயிலில் என்ன வெப்பம் என்பதும்தான். உந்துபொருளைக் கல்லூரியிலேயே நிரப்புவதா, ஏவுதளத்தில் நிரப்புவதா என்ற முடிவு இதனால் முதல் சில மாதங்களிலேயே எடுக்கப்பட வேண்டியது. கடைசியில் எடுத்தால் டேங்கையே மாற்ற வேண்டி வரலாம்.

## சரிபார்ப்பு: சொன்னதைக் காட்டு

"த்ரஸ்டர் போதுமான விசை தர வேண்டும்" என்பது தேவை அல்ல, ஆசை. "டேங்க் 0 முதல் 40 டிகிரி வரை இருக்கும்போது, வெற்றிடத்தில், 8 முதல் 12 மில்லிநியூட்டன் விசை தர வேண்டும்" என்பது தேவை. இரண்டாவதைச் சோதிக்க முடியும். ஒவ்வொரு தேவைக்கு எதிரேயும் சோதனை, பகுப்பாய்வு, நேரடி ஆய்வு, செய்துகாட்டல் ஆகிய நான்கில் எது என்று அது எழுதப்படும் நாளிலேயே குறித்துவிட வேண்டும். குறிக்க முடியவில்லை என்றால் வாக்கியத்தில்தான் கோளாறு.

சோதனை என்று எழுதுவது சுலபம். 10 மில்லிநியூட்டன் என்பது பூமியில் 1 கிராம் எடைக்குச் சமம். பல கிலோ எடையுள்ள அமைப்பை வெற்றிட அறையில் ஊசல் மேசைமேல் வைத்து அந்த 1 கிராமை அளக்க வேண்டும். வால்வுக்குப் போகும் மின்கம்பியின் விறைப்பே அளவைக் கெடுத்துவிடும். காற்றில் அளந்தால் ஆகாதா என்றால், ஆகாது. வெளியே காற்றழுத்தம் இருக்கும்போது நாசிலுக்குள் வாயு விரிவடையும் விதமே வேறு. எனவே விசை அளக்கும் மேசையை யார் செய்வது, எங்கே வெற்றிட அறை கிடைக்கும் என்பதும் திட்டத்தின் பாகம்தான். இதைத் தனிப் பணியாகக் கணக்கில் எடுக்காத அட்டவணையை நம்ப வேண்டாம்.

2022 டிசம்பரில் நிலவை நோக்கி ஏவப்பட்ட லூனார் ஃபிளாஷ்லைட் இந்த விஷயத்தில் நல்ல பாடம். 6யு கலம், நச்சு குறைந்த 'பசுமை' உந்துபொருள். உந்துவிசை அமைப்பை நாசாவின் மார்ஷல் மையத்தோடு சேர்ந்து ஜார்ஜியா டெக் பல்கலைக்கழகம் உருவாக்கியது. கலத்தை இயக்கியவர்களில் அதன் மாணவர்களும் உண்டு. நான்கு த்ரஸ்டர்களில் மூன்று எதிர்பார்த்த விசையைத் தரவில்லை. முப்பரிமாண அச்சில் செய்த உந்துபொருள் வழிகளில் துகள்கள் அடைத்திருக்கலாம் என்று குழு கருதியது. அழுத்தத்தை உயர்த்தித் தள்ளிப் பார்த்தும் போதிய பலன் இல்லை. 2023 மே மாதம் பணி முடித்துக்கொள்ளப்பட்டது.

அச்சிட்ட பாகத்தைப் பயன்படுத்தும் எந்தக் குழுவும் இதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டிய கேள்வி: மிக நுண்ணிய வழி எத்தனை மைக்ரான், அதற்கு மேல் பெரிய துகள் எதுவும் உள்ளே இல்லை என்று எப்படிக் காட்டுவோம்? வடிகட்டி வைத்தாயிற்று என்பது பதில் ஆகாது. அடைப்பு வரக்கூடிய வழி வடிகட்டியைத் தாண்டி இருந்தால் வடிகட்டி எதையும் பிடிக்காது. கழுவி வடித்த திரவத்தில் துகள் எண்ணுவது, உட்புறத்தை எக்ஸ்ரே ஸ்கேனில் பார்ப்பது போன்ற முறைகள் சரிபார்ப்புப் பட்டியலில் பெயரோடு இருக்க வேண்டும்.

கசிவு வேறு ரகம். 2018-இல் செவ்வாயைக் கடந்த இரட்டைக் கியூப்சாட்களில் ஒன்றான மார்கோ-பி, வால்வுக் கசிவோடுதான் பயணம் செய்தது. குழு அதைக் கணக்கில் எடுத்துக்கொண்டு ஓட்டி, நவம்பர் 26 அன்று வேலையை முடித்தது. கசிவு இருந்தும் கலம் பிழைக்க வேண்டுமானால், கசிவு தரும் சிறு தள்ளலைத் தாங்கும் திறன் திசைக் கட்டுப்பாட்டில் ஏற்கெனவே இருக்க வேண்டும். மறுபடியும் இரு பிரிவுகளுக்கு நடுவே கிடக்கும் எண்.

## ஆட்கள் போய்விடுவார்கள்

நிறுவனத்தில் பொறியாளர் சில ஆண்டாவது இருப்பார். மாணவர் குழுவில் வடிவமைத்தவர் பட்டம் வாங்கிப் போன பிறகுதான் பாகம் சோதனைக்கு வரும். வால்வு ஏன் இந்த வகை, டேங்கின் மூலை ஏன் இந்த ஆரம் என்று கேட்டால் பதில் சொல்ல ஆள் இருக்காது. வரைபடம் 'என்ன' என்பதைச் சொல்லும். 'ஏன்' என்பதைச் சொல்லாது. அடுத்து வருபவர், காரணம் தெரியாத ஒன்றை மாற்றத்தான் முதலில் கை வைப்பார்.

முடிவு, நாள், ஒதுக்கிய மாற்றுவழிகள், ஒதுக்கிய காரணம் என்று ஒவ்வொன்றுக்கும் அரைப் பக்கம் எழுதி வைப்பது இதற்கு மருந்து. நேர்த்தியான மென்பொருள் தேவையில்லை. பொது அட்டவணைக் கோப்பு போதும். தேவைகளை நிர்வகிக்க விலையுயர்ந்த மென்பொருள் வாங்கி, அதைக் கற்றுக்கொள்ளவே ஒரு பருவத்தைச் செலவழிக்கும் குழுக்களைவிட, நாற்பது வரி அட்டவணையை வாரா வாரம் புதுப்பிக்கும் குழு எவ்வளவோ மேல்.

இன்னொரு சங்கடமும் உண்டு. சிஸ்டம்ஸ் லீட் சக மாணவர்தான். யாருக்கும் சம்பளம் கொடுப்பவர் இல்லை, மதிப்பெண் போடுபவரும் இல்லை. 'இந்தத் தகடு வேண்டாம்' என்று அவர் சொன்னால் கேட்க வேண்டிய கட்டாயம் எவருக்கும் கிடையாது. அவருக்கு இருக்கும் ஒரே பலம் கணக்கு. தகடு 200 கிராம் என்றால் இத்தனை கிராம் கூடுதல் உந்துபொருள், அது டேங்கில் கொள்ளாது என்று எல்லார் முன்பும் காட்ட முடிந்தால் வாக்குவாதம் சீக்கிரம் முடியும். முதற்கட்ட வடிவமைப்பு மீளாய்வு, இறுதி வடிவமைப்பு மீளாய்வு ஆகியவற்றுக்கு வெளியாட்களை அழைப்பதன் பயனும் இதுவே. குழுவுக்குள் நண்பரிடம் கேட்கத் தயங்கும் கேள்வியை அவர்கள் தயங்காமல் கேட்பார்கள்.

## எதை விட்டுக்கொடுப்பது என்று முதலிலேயே தீர்மானிப்பது

டொரோன்டோ பல்கலைக்கழகத்தின் விண்வெளி ஆய்வகம் போன வழியைப் பார்க்கலாம். 2008 ஏப்ரல் 28 அன்று பிஎஸ்எல்வி-சி9 ராக்கெட்டில் போன கேன்எக்ஸ்-2 கலம், சல்ஃபர் ஹெக்ஸாஃப்ளூரைடு குளிர்வாயு அமைப்பு ஒன்றைச் சோதித்துப் பார்த்தது. சோதனை மட்டுமே அங்கே இலக்கு. அந்த அனுபவத்தின் மேல் கட்டிய கேன்எக்ஸ்-4, கேன்எக்ஸ்-5 இரண்டும் 2014 ஜூன் 30 அன்று பிஎஸ்எல்வி-சி23-இல் ஏறி, ஒரு கிலோமீட்டர் முதல் 50 மீட்டர் வரையிலான இடைவெளிகளில் ஜோடியாகப் பறந்து காட்டின. முதல் கலத்திலேயே ஜோடிப் பறத்தலுக்கு ஆசைப்பட்டிருந்தால் இரண்டும் கிடைத்திருக்குமா என்பது சந்தேகமே.

இதைத் திட்டத்தின் மொழியில் சொன்னால், வெற்றிக்கு இரண்டு அளவுகோல்கள் வேண்டும். குறைந்தபட்ச வெற்றி: வால்வு திறந்தது, விசை அளக்கப்பட்டது. முழு வெற்றி: 10 மீட்டர் டெல்டா-வி. இரண்டுக்கும் தனித்தனித் தேவைகள், தனித்தனிச் சோதனைகள். காலம் போதாமல் போகும்போது எதைக் கைவிடலாம் என்று நள்ளிரவில் கூடிப் பேச வேண்டியிராது.

இன்னும் ஒரு படி கீழே, உந்துவிசை அமைப்பே தயாராகாவிட்டால்? ஏவும் தேதி மாணவர்களுக்காகக் காத்திராது. அதனால் முதல் மீளாய்விலேயே ஒரு மாற்றுக்கட்டைக்கு வரைபடம் போட்டு வைப்பது நல்லது. நிரப்பிய டேங்கின் அதே நிறை, அதே நிறை மையம், அதே திருகுத் துளைகள், அதே மின் இணைப்பி உள்ள வெறும் அலுமினியத் துண்டு. எந்தத் தேதிக்குள் கசிவுச் சோதனை முடியாவிட்டால் அந்தத் துண்டு உள்ளே போகும் என்பதையும், அதை முடிவு செய்பவர் யார் என்பதையும் அட்டவணையில் எழுதிவிட வேண்டும். த்ரஸ்டர் இல்லாமல் போனால் 5 ஆண்டு விதியை எப்படிப் பூர்த்தி செய்வோம் என்ற கேள்விக்கும், தாழ்வான சுற்றுப்பாதைக்கு மாறுவதா, காற்றுத் தடையைக் கூட்டும் இழுவைப் பாய் வைப்பதா என்று அதே பக்கத்தில் விடை இருக்க வேண்டும்.